வாஷர் அக்கா ஆற்றுக்குக் குழாய் விட்ட கதை

அந்த ஊரில் வாஷர் அக்காவைத் தெரியாத மனிதர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். தெரியாத குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அவள் தெருமுனையில் திரும்பும்போதே மூன்றாவது வீட்டுக் குழாய் பயந்துபோய்ச் சொட்டுவதை நிறுத்திவிடும் என்று அவள் புருஷனே சத்தியம் செய்வார். இருபது வருஷமாகக் குழாய் ரிப்பேர் பார்க்கிறாள். எந்த உடுப்பு போட்டாலும் பையில் பத்துப் பதினைந்து ரப்பர் வாஷர் கிடக்கும். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இப்படிப்பட்டவள் சிப்பி வளர்க்கக் கிளம்பியதற்கு ஓர் அடைப்புதான் காரணம். ஆற்றங்கரைப் பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. அடியில் புகுந்து வளைவுக் குழாயைக் கழற்றினாள். உள்ளேயிருந்து ஒரு குடும்பமே வசிக்கிற அளவுக்குச் சிப்பி ஓடு கொட்டியது.

"என்ன மாஸ்டர், கடலையே கழுவி ஊத்துறீங்களா?" என்று கேட்டாள்.

"அது ஐஸ் பெட்டியில லாரி ஏறி வருதுக்கா. ரெண்டு நாள் பயணம். பாதி வழியிலயே செத்துடுது. உசுரோட வர்றதைத்தான் தட்டுல வைக்கிறோம்," என்றார் சமையல்காரர்.

"வாசல்ல ஆறு ஓடுது. கடல் தண்ணி உள்ள வந்து வந்து போகுது. இங்கயே வளர்த்தா என்ன?"

"நீ வளர்த்துக் குடு. நான் வாசல்லயே நின்னு வாங்கிக்கிறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். வாஷர் அக்காவுக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவள் தூங்கவில்லை என்றால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது.

ஆற்றில் இறங்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு அவளுடைய நாத்தனார் இருந்தாள். நண்டுக்கூடு போட்டுப் பிழைக்கிறவள். சொந்தமாக ஒரு மோட்டார் படகு உண்டு. ஊரில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பேட்டரி தீராத ரேடியோ, திருகிக் குறைக்கக் குமிழும் இல்லாத ரேடியோ. நண்டுகள் கூட்டுக்குள் போவது இரைக்காக இல்லை, இவள் பேச்சிலிருந்து ஒளிந்துகொள்ளத்தான் என்று அவள் அண்ணன் சொல்வார். அந்த அண்ணன்தான் வாஷர் அக்காவின் புருஷன். தையல்காரர்.

ஆறு மீன்வளத் துறைக்குச் சொந்தம். இந்த இடம் வேண்டும் என்று குறித்து மனுப் போட்டால் ஆய்வாளர் வந்து பார்ப்பார். தண்ணீரில் உப்பு எவ்வளவு, அடித்தரை சேறா கெட்டியா, சிப்பி பிழைக்குமா என்று பார்த்து எழுதுவார். தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்த ஆற்றில் மறுபடி மனுப் போட முடியாது. வாஷர் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. ஐந்து வருஷம் கழித்து இந்த முட்டியை வைத்துக்கொண்டு சேற்றில் இறங்க முடியுமா என்று முட்டியைக் கேட்டால், அது இப்போதே முடியாது என்கிறது. ஆக, இந்த ஒரு வாய்ப்புதான்.

உப்பு பார்க்கும் குழல் ஒன்று வாங்கினாள். அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு நீலக் கோடு, பக்கத்தில் ஒரு எண். கடல் என்றால் முப்பத்தைந்து. நல்ல தண்ணீர் என்றால் பூஜ்யம். சிப்பிக்குப் பதினைந்துக்கு மேல் இருந்தால் சந்தோஷம். குழல் வந்த வாரம் அவள் எதையும் விடவில்லை. ரசத்தைப் பார்த்தாள், கண்ணீரைப் பார்த்தாள், புருஷனின் வியர்வையைப் பார்த்து, "உங்க மேல சிப்பி நல்லா வளரும்" என்றாள். சமையலறை அலமாரி முழுக்கத் தேதி எழுதிய பாட்டில்கள். ஒரு நாள் தையல்காரர் அதில் ஒன்றை எடுத்து மடக்மடக்கென்று குடித்துவிட்டார்.

"இருபத்தி நாலு இருக்கும்," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. பார்த்தால் சரியாக இருபத்து நாலு.

மூன்று மாதத்தில் நாற்பத்திரண்டு தடவை எடுத்தாயிற்று. எல்லாம் இருபத்திரண்டுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில். தங்கமான எண்கள். வாஷர் அக்கா நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

ஆய்வாளர் ஒரு காலை எட்டு மணிக்கு வந்தார். அவர் ஏறியதும் படகு ஒரு சாண் இறங்கியது. பெரிய தொப்பி, பெரிய பை, சின்ன வாய். அந்த வாயிலிருந்து "ம்ம்" தவிர எதுவும் வரவில்லை. இடத்தைக் காட்டினார்கள்: ஆற்றின் நடுவே அகலமான, அமைதியான பரப்பு. ம்ம். உப்பு இருபத்தாறு. ம்ம். ரேடியோ தன் பிறப்பிலிருந்து நேற்று வரைக்கும் சொல்லி முடித்தாள். ம்ம்.

"அண்ணி, இவர் வாயில நீங்க ஏதாவது வாஷர் மாட்டிட்டீங்களா?" என்று காதில் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தது அக்கரைக்கே கேட்டிருக்கும்.

ஆய்வாளர் நோட்டைப் புரட்டினார். பையிலிருந்து ஒரு அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நாப்பத்திரெண்டு தடவை எடுத்திருக்கீங்க. நாப்பத்திரெண்டும் ஏத்தத்துல எடுத்திருக்கீங்க."

வாஷர் அக்கா எட்டி அந்த அட்டவணையைப் பார்த்தாள்: கடல் ஏறி இறங்கும் நேரம். ஏற்றம் என்றால் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும் நேரம். வற்றத்தில் கடல் திரும்பிப் போய்விடும். அப்போது ரேடியோவின் படகு கரைச் சேற்றில் எருமை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். படகு மிதக்கும்போதுதானே போக முடியும்? அதனால் மிதக்கும்போதெல்லாம் போனார்கள். கடல் வந்திருந்த நேரம் பார்த்தே போய்ப் போய், ஆற்றில் எவ்வளவு உப்பு என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மூன்று மாதமாக ஒருத்திக்கும் இது உறைக்கவில்லை.

"வத்தத்துல பார்க்கணும். இருப்போம்," என்றார் ஆய்வாளர்.

"சார், வத்திட்டா மறுபடி ஏறுற வரைக்கும் கரைக்குப் போக முடியாது. சாயங்காலம் ஆயிடும்."

"ம்ம்."

அன்றைக்கு ரேடியோவின் பேச்சை ஒரே படகில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட முதல் மனிதர் என்று அவர் பெயரைக் கல்லில் செதுக்கலாம். ஒன்பது மணிக்குப் படகு கடல் பக்கம் இழுபட்டு நங்கூரக் கயிறு விறைத்தது. இரண்டு மணிக்கு, தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கின மாதிரி ஆறு காலியானது. அகலமான அமைதியான பரப்பு இருந்த இடத்தில் அகலமான அமைதியான சேறு இருந்தது. நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு ஓடை.

அதில் உப்பு: நாலு.

வாஷர் அக்கா குழலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நாலு. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் நாலு.

அடித்தரையைப் பார்க்க ஆய்வாளர் சேற்றில் ஒரு கால் வைத்தார். கால் போனது. பின்னாலேயே தொடை போனது. சத்தம் போடாமல் மெதுவாக இறங்கிக்கொண்டே "ம்ம்" என்றார். இரண்டு பெண்களும் துடுப்பைக் குறுக்கே போட்டு, அக்குளில் கை கொடுத்து, வேரோடு பிடுங்குவது போல இழுத்தார்கள். ஆள் வந்தார். செருப்பு வரவில்லை.

"என்னையே தாங்கலை. சிப்பிக் கூடை வைக்கிற சட்டத்தை எங்க தாங்கும்?" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், ஒரே நிமிஷம்!" வாஷர் அக்கா கத்தியதில் மூன்று கொக்கு பறந்தது. "வெந்நீர் டேங்க்ல பச்சைத் தண்ணி அடியில நிக்கும், சூடு மேல நிக்கும். ஏன்? பச்சைத் தண்ணி கனம். உப்புத் தண்ணியும் கனம்தானே? அடியிலதானே படுக்கும்? நாம மேல மொண்டு பார்க்கிறோம்!"

"சரிதான். அதுக்கு ஆழம் வேணும். இங்க ஏதும்மா ஆழம்?"

அவள் எழுந்து நின்று ஆற்றைப் பார்த்தாள். இருபது வருஷம் குழாய் பார்த்த கண்ணால் இப்போதுதான் முதல் தடவையாக ஆற்றைப் பார்த்தாள். கடல் பக்கமாக ஒரு இருநூறு கஜம் தள்ளி ஆறு இடது பக்கம் திரும்புகிறது.

"எல்போ!" என்றாள்.

"என்ன அண்ணி?"

"எல்போடி, வளைவுக் குழாய்! எந்த வீட்டுல எல்போ ஓட்டையானாலும் வெளிப்பக்கம்தான் முதல்ல ஓட்டை விழும். தண்ணி நேரா வந்து அங்கதான் அடிக்கும், அரிச்சுத் தள்ளும். அந்தத் திருப்பத்தோட வெளிப்பக்கம் சேறு நிக்காது. ஆழமா இருக்கும். படகை விடு!"

ரேடியோ கையைக் கட்டிக்கொண்டாள். "அங்க மட்டும் வேணாம் அண்ணி. அது கயிறுவெட்டியோட இடம்."

கயிறுவெட்டி என்பது எதிர்க்கரையில் நண்டு பிடிக்கும் ஒரு பெரியவர். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவளே ரேடியோதான். எட்டு வருஷத்துக்கு முன் அந்தத் திருப்பத்தில் கூடு போட்டாள். மறுநாள் கயிறு அறுந்து கிடந்தது. மறுபடி போட்டாள்; மறுபடி அறுந்தது. பக்கத்தில் கூடு போட்டிருந்தது அவர் மட்டும்தான். அன்றிலிருந்து ஊர் முழுக்க அவர் திருடன். அந்தத் திருப்பத்துப் பக்கம் அண்ணியைக்கூட அவள் கூட்டிக்கொண்டு போனதில்லை.

"உன் சண்டையை அப்புறம் பார்க்கலாம். சார் மூடியைக் கழட்டிட்டாரு பாரு!"

முழங்கால் ஓடையில் துடுப்பால் உந்தி உந்திப் போய்ச் சேர்ந்து நங்கூரம் போட்டார்கள். திருப்பத்தில் தண்ணீர் கறுத்திருந்தது. வாஷர் அக்கா படகில் கிடந்த ஒன்றரை அங்குல இரும்புக் குழாயை நிமிர்த்தி அடியில் குத்தினாள். சேறு என்றால் சளக் என்னும்.

டங்.

"கேட்டுச்சா சார்?"

"இன்னொரு தடவை," என்றார் ஆய்வாளர். டங். அவரே வாங்கிக் குத்தினார். டங், டங். சின்னப் பையன் தகரம் தட்டுகிற மாதிரி படகைச் சுற்றிச் சுற்றித் தட்டினார்.

அவள் கருவிப் பையிலிருந்து மெல்லிய ரப்பர் டியூபை உருவி, நுனியில் ஒரு நட்டைக் கட்டி அடிவரைக்கும் இறக்கினாள். மேல் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினாள். தண்ணீர் ஏறி வந்து வாயை நிறைத்தது. அவள் முகம் எட்டாக மடங்கியது. துப்பினாள். துப்பிவிட்டுக் குதித்தாள். படகு ஆடிய ஆட்டத்தில் ரேடியோ உட்கார்ந்துவிட்டாள்.

"உப்பு! ஐயோ, என்னா உப்பு!"

குழல் பத்தொன்பது காட்டியது. மேல் தண்ணீர் ஐந்து. ஆய்வாளர் தானே உறிஞ்சிப் பார்த்தார். அவரும் துப்பினார். அவரும் கிட்டத்தட்டக் குதிக்கப் போனார். நல்லவேளை, இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

நங்கூரத்தைத் தூக்கப் போனால் வரவில்லை. ரேடியோ இழுத்தாள். பட்டென்று கயிறு மட்டும் கையோடு வந்தது. நுனி பிளேடால் வெட்டின மாதிரி சுத்தமாக இருந்தது. அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். எதிர்க்கரையில் ஒரு நாய் மட்டும் நின்றது.

ஆய்வாளர் கூடு தூக்கும் கொக்கியை இறக்கி, மூச்சுப் பிடித்து இழுத்தார். ஒரு பாறைத் துண்டு மேலே வந்தது. அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக, கத்தி கத்தியாக விளிம்பு வைத்த சிப்பிகள், கொழுத்து, இறுக வாய் மூடிக்கொண்டு.

"உங்க கயிறுவெட்டி இதுதாம்மா," என்றார். பிறகு சிரித்தார். காலையிலிருந்து அடக்கிவைத்த அத்தனை பேச்சும் சிரிப்பாக வந்தது. "ஆத்துல எங்க வளரும்னு நாம மண்டையை உடைச்சுக்கிறோம். அதுங்க பல வருஷமா வீடு கட்டிக் குடியிருக்குதுங்க!"

வாஷர் அக்கா அந்தக் கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானை கிழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஆய்வாளர் படிவத்தில் பழைய இடத்தை அடித்துவிட்டுப் புதிய இடத்தை எழுதினார். சோதனைக்கு இருபது கூடை. ஒரு வருஷம் வற்றத்தில், அடித் தண்ணீர் எடுத்துக் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் உப்பு எவ்வளவு இறங்குகிறது என்று தெரியாமல் முழு அனுமதி கிடையாது. "இன்னொண்ணு," என்றார். "அந்த இடத்துல ஏற்கெனவே தொழில் பண்றவர் ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

மறுநாள் காலை அண்ணியும் நாத்தனாரும் எதிர்க்கரைக்குப் போனார்கள். பெரியவர் கொட்டகையில் கூடு பின்னிக்கொண்டிருந்தார். வாஷர் அக்கா விஷயத்தைச் சொல்லிக் கல்லைக் காட்டினாள். அவர் கல்லைப் பார்த்தார், அறுந்த கயிற்றைப் பார்த்தார், கடைசியாக ரேடியோவைப் பார்த்தார்.

"எனக்கும் வருஷம் பத்து கயிறு போகுது. நான் உன்னைத்தான் நினைச்சேன்," என்றார். "ஆனா நான் யார்கிட்டயும் சொல்லலை. நீ பஸ் ஸ்டாண்டுல நின்னு சொன்னே."

ரேடியோ வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு அதிசயத்தைப் பார்க்க ஊரே கூடியிருக்க வேண்டும். நாலு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒன்று கல்.

"சொல்லுடி," என்று அண்ணி இடுப்பில் குத்தினாள்.

"அண்ணே... தப்பு என்னுதுதான்."

"கேட்கலை."

"தப்பு என்னுது அண்ணே! எட்டு வருஷமா!"

"இப்பக் கேட்டுச்சு. இதையே நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல சொல்லிடு." பேனாவுக்குக் கையை நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "வத்தத்துல உங்க படகு எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் அதை இன்னும் யோசிக்கவில்லை.

"என்னுது தட்டைப் படகு. ஒரு சாண் தண்ணி போதும். இருபது கூடையில ஆறு கூடை என்னுது."

"நாலு," என்றாள் வாஷர் அக்கா.

"அஞ்சு. துடுப்பு நான் போடுறேன்."

"சரி அண்ணே, அஞ்சு," என்றாள் வாஷர் அக்கா. "ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த டியூபை நீங்கதான் உறிஞ்சணும்."

பெரியவர் யோசித்தார். "அதுல தண்ணி எப்படி இருக்கும்?"

"இளநி மாதிரி," என்றாள் ரேடியோ. அவளுக்குப் பேச்சு திரும்பி வந்திருந்தது.