சொலினாய்டில் ஒரு டிக்

எங்கள் பழைய கார் மணியாச்சி ரயில்வே கேட்டில் நின்றாலே அணைந்துவிடும். கார்புரேட்டரில் உள்ள சின்ன சொலினாய்டு, சாவியைத் திருப்பியதும் டிக்கென்று திறந்தால்தான் வண்டி நிற்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும்.

ஸ்பின்னிங் மில் இரைச்சலிலேயே பாதி ஆயுளைக் கழித்த என் கணவர், சாவியைத் திருப்பி வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து சொலினாய்டின் வயரைக் கழற்றிக் கழற்றித் தொடவைத்தார். "சத்தமே இல்ல. இது போச்சு, புதுசுதான் வாங்கணும்" என்றார்.

எனக்கோ ஒவ்வொரு தடவையும் டிக் கேட்டது. சொன்னால் நம்புகிற ஆளா? அவர் கையை இழுத்து, விரலைச் சொலினாய்டின்மேல் வைத்து, வயரை நானே தொடவைத்தேன்.

"அடிக்குது" என்றார். மறு கையால் தன் காதைத் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி, அப்ப இவ்வளவு நாளும் நீ என்கிட்ட கத்துனது கோவத்துல இல்லையா?"