கிணறும் தென்னையும் நெட் வேகமும்

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு தொடங்கினால் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தோட்டத்தைப் பார்க்கப் போவார்கள். இப்போதெல்லாம் பெண்ணையும் உடன் அழைத்துப் போகிறார்கள். தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் இரண்டு காரில் போனோம். காரைவிட்டு இறங்கியதும் பெரியப்பா நேராகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். அப்பா மோட்டார் அறைக்குள் நுழைந்தார். பெரியம்மா மாட்டுக் கொட்டகை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து, கைபேசியை எடுத்து நெட் வேகத்தைச் சோதித்தேன்.

பெரியம்மா கொட்டகையிலிருந்து திரும்பி வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். "என்ன கண்ணு, மாப்பிள்ளையப் பாக்காம போனப் பாத்துட்டு உக்காந்திருக்கறே?"

"மாப்பிள்ளைய போட்டோவுலயே பாத்தாச்சு பெரிம்மா. இத இங்க வந்தாத்தான் பாக்க முடியும்."

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த எண் ஒரு மின்னஞ்சலுக்குப் போதும், ஒரு வீடியோ அழைப்புக்குப் போதாது. மோட்டார் பம்புகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மென்பொருளை எழுதுவது என் வேலை. அலுவலகம் பெங்களூரில். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இதையெல்லாம் காபி வந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேலையை விடுவதாக இல்லை, அதற்குக் கம்பி வழியாக வரும் இணைப்பு வேண்டும் என்றும் சொன்னேன். மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அவருடைய அப்பா, வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் பாய வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டார்:

"எவ்வளவு வேணுமுங்க அம்மணி?"

"எறக்கறதுக்கும் ஏத்தி அனுப்பறதுக்கும் ரெண்டுக்கும் நல்லா வேணுமுங்க."

"கண்ணாலத்துக்கு முன்னால கம்பி ஊட்டுக்கு வந்துருமுங்க. நாஞ் சொன்னாச் சொன்னதுதான்."

திரும்பி வரும்போது காரில் பெரியப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "நகை எவ்வளவுன்னு அவங்க கேக்கல. நெட்டு எவ்வளவுன்னு நீ கேட்டுப்போட்டே."

போகிற வீட்டிலெல்லாம் வேகத்தைச் சோதிப்பது என் பழக்கம். பிறந்து வளர்ந்த பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெரு மெயின் ரோட்டுப் பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பட்டறைகளுக்காக இழுத்த கம்பி எங்கள் வீட்டையும் தொட்டுப் போனது. அதனால் வேகம் நன்றாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் நன்றாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உக்கடத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பாத்திர வியாபாரம் செய்யும் குடும்பத்தின் வீடு. ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒன்றுதான். என் சன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரில் கை படும். ஆனால் ஒரே கம்பத்திலிருந்து அந்தச் சந்து முழுவதற்கும் இணைப்பு போனதால் கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். காலையில் நெட் மெதுவாக இருக்கிறது என்று மாடிப்படியில் முணுமுணுத்தால், சாயங்காலம் வேறொரு கம்பெனியின் ஆள் கீழே நிற்பார். வீட்டுக்கார அம்மாவே அவருடன் பேரம் பேசி முடித்திருப்பார். நான் கண்ட மிக நல்ல வேகம் அந்தக் காற்று வராத அறையில்தான்.

எங்கள் குழுவில் ஒருவர் இந்தூரின் புதுக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். இன்னொருவர் கொச்சியில். மூன்றாமவர் குவாஹாட்டிக்கு வெளியே. மூன்றாமவரின் இணைப்பு முகத்தைத் தாங்காது என்பதால் அவர் எப்போதும் கேமராவை அணைத்தே வைத்திருப்பார். ஒரு வருடம் அவர் குரல் மட்டுமே எங்களுக்குத் தெரியும். அவருக்கும் எங்களுக்கும் ஒரே படிப்பு, ஒரே வேலை. ஆனாலும் கூட்டத்தில் அவர் விட்டு விட்டுப் பேசும்போது மேலாளர் "சரி, அப்புறம் எழுதி அனுப்புங்கள்" என்று அடுத்தவரிடம் போய்விடுவார். உக்கடத்தில் இருந்தவரை நான் இதைக் கவனித்ததோடு சரி. எனக்கும் நடக்கும் என்று நினைக்கவில்லை.

கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு ஏன் கம்பி வருவதில்லை என்பதற்குக் காரணம் எளிது. இங்கே விவசாயக் குடும்பங்கள் ஊருக்குள் சேர்ந்து குடியிருப்பதில்லை. அவரவர் தோட்டத்தின் நடுவில் அவரவர் வீடு. எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டின் விளக்குதான் தெரியும். உக்கடத்தில் ஒரு சந்துக்கு ஆகும் கம்பி இங்கே ஒரே வீட்டுக்கு ஆகும். அந்த ஊர் கேபிள்காரர் என் வருங்கால மாமனாரிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்: ரோட்டோரப் பேக்கரி வரை இணைப்புப் பெட்டி வந்துவிட்டது, அங்கிருந்து வீட்டுக்குக் கம்பம் நட்டால் கட்டுப்படி ஆகாது. மாமனார் யோசிக்கவே இல்லையாம். "கம்பம் எதுக்குங்க? என்ற தென்ன வரிசையா நிக்குதல்ல."

அப்படித்தான் எங்கள் கண்ணாடியிழைக் கம்பி பேக்கரியிலிருந்து தென்னை தென்னையாகத் தாவி வீட்டுக்கு வந்தது. கேபிள் ஆட்கள் இழுத்து மாட்டிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு மாமனாரே ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு மரத்திலும் அதை நன்றாகக் கட்டினார். கல்யாண மண்டபத்தில் என் பெரியப்பாவிடம் அவர் முதலில் சொன்ன விஷயம் அதுதான்: "கம்பி வந்துருச்சுங்க."

சித்திரையில் கல்யாணம். வைகாசி முழுக்க ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. பேச்சின் நடுவில் என் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். மறுபடி உள்ளே நுழைந்தால் மேலாளர் "இன்றைக்கும் யானையா?" என்பார். ஆனித் தொடக்கத்தில் ஒருமுறை யானை உண்மையாகவே மின்கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அதை நான் சொன்னதிலிருந்து எல்லாவற்றுக்கும் யானைதான் காரணம் என்று குழுவில் ஒரு கேலி. சிரிப்பு நின்றதும் அவர் நிதானமாகச் சொன்னார். அடுத்த வாரம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு அந்தப் பம்பு மென்பொருளை நேரலையில் காட்ட வேண்டும். அன்றைக்கும் அறுந்தால் பொறுப்பைப் பெங்களூரில் இருப்பவருக்கு மாற்றிவிடுவார். எனக்கு அது வேண்டுமென்றால் பெங்களூருக்கு வந்து உட்காரலாம்.

அந்த மென்பொருள் முதல் வரியிலிருந்து நான் எழுதியது. விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

சந்தேகங்களை வரிசைப்படுத்தினேன். முதலில், என் கணவரின் தங்கை. கல்லூரியிலிருந்து வந்ததும் படம் பார்ப்பாள். "அண்ணி, எம்மேல பழி போடாதீங்க. நான் என்ற போன் நெட்டுலதான் பாக்கறேன்," என்று காட்டியே விட்டாள். இரண்டாவது, மின்சாரம். இன்வெர்ட்டர் சரியாக இருந்தது. மூன்றாவது, ரௌட்டர். மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. நான்காவது, கேபிள்காரரின் இணைப்பு. போனில் அவர் அலுத்துக்கொண்டார். "தோட்டத்துப் பக்கம் எல்லாம் அப்படித்தானுங்க மேடம். டவுன் மாதிரி வராதுங்க."

அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பேக்கரிக்கும் எங்களுக்கும் ஒரே பெட்டிதான். ஏரியா மோசம் என்றால் பேக்கரியிலும் மோசமாக இருக்க வேண்டும். காற்று பலமாக இருந்த ஒரு மத்தியானம் மடிக்கணினியோடு அங்கே போய் உட்கார்ந்தேன். உங்கள் நெட்டைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்குப் பேக்கரிக்காரர், "தாராளமாப் பாருங்க. டீ மட்டும் சொல்லிப்போடுங்க," என்றார். டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். பன்னைத் தின்று முடிக்கும் வரை சோதித்தேன். உக்கடத்து வேகம். ஒரு முறைகூட அறுபடவில்லை.

ஆக, தொண்டாமுத்தூர் மீது குற்றமில்லை. குறை எங்கள் தென்னைகளுக்குள்ளேயே இருந்தது.

கம்பியைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பாதி தூரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு மரத்திலும் கம்பி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வாழைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டுகிற அதே கட்டு. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று கேபிள் ஆட்கள் கடைசி மரத்தில் தளர்வாக விட்டுப் போன உபரிக் கம்பியும் விட்டபடி இல்லை. அதை மாமனார் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டுவது போல ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருட்டி, நடுவில் முடிச்சுப் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தார். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கண்ணாடியிழைக்குள் ஓடுவது வெளிச்சம். அகலமாக வளைந்தால் கூடவே வளைந்து வரும். சிறிதாக மடித்தால் அந்த இடத்தில் வெளியே சிந்திவிடும். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் அந்த முடிச்சுகள் இன்னும் இறுகின. வீட்டுக்கு வந்து ரௌட்டரின் பக்கத்தைத் திறந்து, வந்து சேரும் ஒளியின் அளவைப் பார்த்தேன். ஒவ்வொரு பலத்த காற்றுக்கும் அது சரிந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. மீதி வேலை, அதை மாமனாரிடம் சொல்வது. கல்யாணமாகி மூன்று மாதம் ஆன மருமகள், மாமனார் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஏணி ஏறிப் போட்ட கட்டு தப்பு என்று சொல்ல வேண்டும். கணவரிடம் கேட்டேன்.

"நீயே சொல்லிக்கோ அம்மணி. அவரு கட்டுன கட்ட இந்த ஊட்டுல இதுவரைக்கும் யாரும் அவுத்ததில்ல."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "மாமா, கம்பி நல்ல கம்பிங்க. பேக்கரி வரைக்கும் நல்லாத்தான் வருது. அங்க போயிப் பாத்துட்டு வந்தேன். நம்ம மரத்துல கட்டு மட்டும் ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க."

"காத்துல ஆடக்கூடாதுன்னுதான அம்மணி இறுக்குனேன்? லூசா உட்டா அறுந்துபோகாதா?"

"கரண்ட்டுக் கம்பின்னா நீங்க சொல்றது சரிங்க. இதுல வெளிச்சம் வருதுங்க. இறுக்குனா சிந்திப்போகுதுங்க."

"வெளிச்சம் சிந்துமா?" குரலில் கோபம் இல்லை, ஆனால் நம்பிக்கையும் இல்லை. எழுந்து நின்றார்.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஏனுங்க, அவ சொல்றதக் கேளுங்க. நீங்க எதக் கட்டுனாலும் அப்படித்தான். கண்ணாலத்துக்கு வாசல்ல வாழமரம் கட்டுனீங்களே, அவுக்கறதுக்கு மண்டபத்துக்காரன் அருவா கேட்டானா இல்லியா?"

"அது உழுந்துச்சா? உழுகல இல்ல?" என்றார் மாமனார்.

நான் கைபேசியை அவர் கையில் கொடுத்தேன். ஒளியின் அளவு அதில் தெரிந்தது. வீட்டுச் சுவருக்கு வெளியே, சன்னலோரமாகக் கம்பி உள்ளே நுழையும் இடத்துக்குப் போய் அதை விரல்களால் மெதுவாக மடித்தேன். "எண்ணு எறங்குதுங்களா மாமா?"

"எறங்குது."

விட்டேன். "இப்ப?"

"ஏறுது." கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இன்னொருக்கா மடி." மடித்தேன். மூன்றாவது முறை அவரே வெளியே வந்து மடித்துப் பார்த்தார். பிறகு கைபேசியைத் திருப்பித் தந்தார். "எத்தாச்சோடு வட்டம் வேணும்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் அளவை மனதில் வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.

விடிந்து நான் வெளியே வந்தபோது ஏணி ஏற்கெனவே மரத்தில் சாய்ந்திருந்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். சிலவற்றுக்கு அரிவாள் தேவைப்பட்டது. கம்பியின் மேல் பட்டுவிடக் கூடாது என்று நான் கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "தெரியுதுங்க அம்மணி, தெரியுது," என்று மேலிருந்து பதில் வந்தது. ஒவ்வொரு மரத்திலும் ஒரு துண்டுக் குழாயை வளையமாக மாட்டி அதற்குள் கம்பியைத் தளர்வாக விட்டார். அது அவருடைய யோசனை. கடைசி மரத்தில், கொட்டகையில் கிடந்த பழைய மொபெட் டயர் ஒன்றை ஆணியடித்து மாட்டி, உபரிக் கம்பியை அதன் மேல் சுற்றினார். என் இரண்டு கைகள் காட்டிய அகலம் அப்படியே இருந்தது. தென்னையில் டயர் தொங்குவதைப் பார்த்து அத்தை, "திருஷ்டிக்குப் பூசணிக்கா கட்டுவாங்க, நம்மூட்டுல டயரு," என்று சிரித்தார்.

வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய நாளில் காற்று கொஞ்சமும் குறையவில்லை. தென்னை ஓலைகள் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. நான் கேமராவைத் திறந்தே வைத்தேன். திரையில் பம்புகள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. வாடிக்கையாளர் நிறையக் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் முழுவதுமாகப் பதில் சொல்லி முடித்தேன். சன்னலுக்கு வெளியே மாமனார் தேங்காய் பொறுக்குவது போல அந்தக் கடைசி மரத்தடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அழைப்பு முடிந்து நான் கதவைத் திறந்ததும் கேட்டார்:

"நின்னுச்சா?"

"நிக்கலீங்க மாமா."

மேலாளர் அன்று சாயங்காலமே எழுதினார். பொறுப்பு என்னிடமே இருக்கும், பெங்களூருக்கு வர வேண்டியதில்லை. கீழே ஒரு வரி: யானைக்கு என் வாழ்த்துகள். நான் குவாஹாட்டி நண்பரை அழைத்து, அவர் வீட்டுக் கம்பியை யார் கட்டியது என்று விசாரித்தேன். அவர் மாமாவாம். டயர் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் முதன்முறையாக அவர் கேமராவைத் திறந்தார். மீசை வைத்திருக்கிறார்.

போன மாதம் என் கணவரின் தங்கைக்கு ஒரு இடம் வந்தது. தாராபுரம் பக்கத்துத் தோட்டம். மாமனாரும் அத்தையும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவள் என் அருகில் உட்கார்ந்து, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கெணத்துல தண்ணி இருக்குது. தென்ன கொஞ்சந்தான். பையன் நல்லாப் பேசறான்," என்றார் மாமனார்.

"நெட்டுங்க மாமா?" என்றேன்.

"கம்பி ஊடு வரைக்கும் வந்திருக்குது. ஆனா கண்டபடி இறுக்கிக் கட்டியிருக்கறாங்க." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அவுக்கச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்."

"சொன்னாரா?" என்றார் அத்தை. "பொண்ணு குடுக்கப் போன ஊட்டுல ஏணி கேட்டாருங்க கண்ணு, ஏணி!"