பூசணிக்காய் உடைக்கும் முன் போட்ட போட்டோ

கோயம்புத்தூரில் வெப்சைட் செய்து கொடுக்கும் அந்தக் கம்பெனியின் முதலாளி பொய் சொல்கிறார். எங்கள் பட்டறையின் வெப்சைட்டை "வாடிக்கையாளரின் உணர்வுகளை ஆராய்ந்து திட்டமிட்டோம்" என்று தன் கம்பெனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். மேடையிலும் அதையே பேசுகிறாராம். அவர் யாருடைய உணர்வையும் ஆராயவில்லை. ஒரு லாரிக்காரரிடம்கூடப் பேசவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர் செய்த வேலைக்குத் திட்டு வாங்கியவள் நான்.

என் பெயர் செல்வி. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேனேஜராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். லாரிக் கம்பெனியிலிருந்து எஞ்சினும், சேசிஸ் என்கிற அடிச்சட்டமும் மட்டும் வரும். கேபின், பின்பக்கத் தொட்டி, பெயிண்ட், நெற்றியில் எழுதும் பெயர் எல்லாம் எங்கள் வேலை. சொந்தமாகச் சின்னத் தொழில் செய்கிறவர்களும், அவர்களுக்கு வெப்சைட் செய்ய வரும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. மூக்கு வைத்த லாரி

வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்தவர் எங்கள் முதலாளி பெரியசாமி. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பார்ட்டி, "உங்க வெப்சைட் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டார். அன்று மதியம் முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து விக்னேஷ் என்ற டிசைனர் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். முதல் மீட்டிங்கில் கலர் எது, லோகோ எது, எத்தனை பக்கம் என்றெல்லாம் கேட்டான். எங்களிடம் யார் வண்டி விடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அப்போதே எரிச்சல். ஆனால் முதலாளி வாய்நிறைய, "சரிங்க தம்பி, சரிங்க தம்பி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து மாதிரி காட்டினான். முதல் பக்கத்தில் பெரிய லாரி, பனிமலைக்கு நடுவே போகிறது. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம்.

"ஏந் தம்பி, இந்த மூக்கு வெச்ச வண்டி யாருது? நம்ம ராசிபுரத்துப் பக்கம் எப்பப் பனி பேஞ்சுது?" என்று முதலாளி கேட்டார்.

"அது ஸ்டாக் இமேஜ் சார், நெட்ல கிடைக்கிற படம். ஒரு ஃபீல் வர்றதுக்காக."

"எங்குளுக்கு அந்த ஃபீல் வேண்டாங்க தம்பி. நாங்க கட்டுன வண்டியப் போடுங்க."

இதில் முதலாளி சொன்னது சரி. ஆனால் எந்த வண்டியைப் போடுவது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

2. வாழப்பாடிக் கல்யாணம்

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. பெயிண்ட் வேலை முடிந்ததும் வண்டியின் முகத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம். சொந்தக்காரர் குடும்பத்தோடு வந்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கி வண்டியை எடுக்கும்வரை வெளியாள் யாரும் அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது. லாரிக்காரர்களுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. கடன் வாங்கி ரோட்டில் இறக்கும் சொத்து. அதன்மேல் முதல் கண் ஊரான் கண்ணாக இருக்கக் கூடாது.

நான் ஒரு கல்யாணத்துக்கு வாழப்பாடி போயிருந்தேன். அன்றைக்கென்று விக்னேஷ் கேமராவோடு வந்திருக்கிறான். சங்ககிரி ரத்தினத்தின் வண்டிக்கு அப்போதுதான் பெயிண்ட் முடிந்து, காய்வதற்காகத் தார்ப்பாயை எடுத்து வைத்திருந்தார்கள். மயில் பச்சை நிறம், கேபின் நெற்றியில் அவருடைய இரண்டு பெண்களின் பெயர். பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்தான். அவனும் எடுத்துவிட்டான். முதலாளி பக்கத்தில் நின்று, "சைடுல இருந்து ஒண்ணு எடுங்க தம்பி" என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறார்!

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டி, வெப்சைட்டைத் திறந்தார்கள். கம்ப்யூட்டருக்கு நேரம் பார்க்கத் தெரிந்த முதலாளிக்கு லாரிக்குப் பார்க்கத் தோன்றவில்லை. முதல் பக்கம் முழுக்க ரத்தினத்தின் வண்டி. லிங்க்கை வாட்ஸ்அப்பில் எல்லா லாரி குரூப்புக்கும் அனுப்பிவிட்டார்கள்.

3. ஆயிரத்துச் சொச்சம் கண்

ரத்தினம் இதற்குமுன் ஓட்டியதெல்லாம் செகண்ட் ஹேண்ட் வண்டிகள். புது சேசிஸ் வாங்கியது இதுதான் முதல்முறை. அந்த வாரமே வண்டியை எடுத்து சிமெண்ட் லோடு ஏற்ற வேண்டும், தவறினால் அந்த லோடு வேறொருவருக்குப் போய்விடும். நான் வாழப்பாடியிலிருந்து திரும்பிய அன்று அவரும் அவர் மனைவி சரசுவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். எப்போதும் சிரித்துக்கொண்டே வருகிறவர், அன்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங் பெரியசாமியண்ணா, எம்பட வண்டிய நான் பாக்கறதுக்கு முந்தி சங்ககிரி டீக்கடையே பாத்துப்போட்டுதுங்க. 'ரத்தினம், உன்ற வண்டி ஜம்முனு இருக்குது'ன்னு ஒவ்வொருத்தனும் பெருமூச்சு உடறான். இந்த வண்டிய நான் எடுக்க மாட்டனுங்க."

முதலாளி முழித்தார். "விளம்பரந்தானுங்க ரத்தினம்..."

"உங்க விளம்பரத்துக்கு எம்பட வண்டியோட மூஞ்சிதான் கெடச்சுதுங்களா?"

சரசு என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீங்க இருந்துமா இப்படி?"

இவர் வண்டியை விட்டுவிட்டுப் போனால் கதை இவரோடு முடியாது. சங்ககிரியில் லாரிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள். அதற்கப்புறம் அந்த ஊரிலிருந்து ஒரு சேசிஸ்கூட எங்கள் கேட்டுக்குள் வராது.

விக்னேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போட்டோவை வெப்சைட்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். அவனுக்கு நடந்தது தெரியாது. சந்தோஷமாக ஆரம்பித்தான். "மேடம், அந்தப் போட்டோவ எடுத்துறாதீங்க! செம ஹிட். இதுவரைக்கும் ஆயிரத்துச் சொச்சம் பேர் பாத்துட்டாங்க!"

ரத்தினம் அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆயிரத்துச் சொச்சம் கண்ணுங்களா சாமி!"

போனைத் தூக்கி எறிந்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் சரசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "ஏனுங்க மாமா, ஒரு பூசணிக்கா பத்தாதாட்ட இருக்குதே! லோடு ஆட்டோவுலதான் கொண்டாரோணும்" என்றார். ரத்தினம் முறைத்தார். முறைத்துக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார். அதோடு பேச வழி கிடைத்தது.

4. கழித்த இடம்

"போட்டோவ எடுத்துப்போடறோம்" என்றேன்.

"எடுத்தா, பாத்த கண்ணு போயிருங்களா?" என்றார் ரத்தினம்.

நியாயமான கேள்வி. நான் கோபத்தில் இருந்ததால் யோசிக்காமலே வாயில் வந்தது. "கண்ணு எங்க பட்டுதோ அங்கயே கழிச்சுப்போடலாங்க. சரசு அம்மிணி பூசணிக்கா சுத்தி ஒடைக்கறத வீடியோ எடுத்து, அதே எடத்துல போடறோம். பாத்தவனெல்லாம் அதையும் பாக்கட்டும்."

கணவனும் மனைவியும் தள்ளிப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து சரசு ஒரு நிபந்தனை போட்டார்: "எம்பட கையாலதான் ஒடைப்பேன். அவரு ஒடைச்சாப் பாதி ஒடையும்."

விக்னேஷ் அன்றே வந்தான். நடந்ததைக் கேட்டதும் நேராக ரத்தினத்திடம் போய், "தெரியாம பண்ணிட்டேன் அண்ணா, மன்னிச்சுருங்க" என்றான். எனக்குப் பிடித்தது. வராதது அவனுடைய முதலாளிதான். போனில் என்னிடம் சொன்னார்: "மேடம், பூசணிக்கா எல்லாம் உங்க பிராண்டுக்கு செட் ஆகாது. சைட்டும் ஸ்லோ ஆயிடும்."

"இல்லீனா எங்க கேட்டுக்குள்ள வண்டி வர்றதே ஸ்லோ ஆயிருமுங்க. நீங்க வீடியோவப் போடுங்க" என்று வைத்துவிட்டேன்.

சரசு சுற்றிய சுற்றில் பட்டறையில் வெல்டிங் நின்றது. ஒரே அடியில் காய் ஆறு துண்டாகச் சிதறியது, ஒரு துண்டு முதலாளியின் வெள்ளை வேட்டியில். ரத்தினம் சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹாரனை அடித்துக்கொண்டே கேட்டைத் தாண்டினார். சிமெண்ட் லோடும் அந்த வாரமே அவருக்குத்தான் போனது.

வீடியோ அன்று மாலை முதல் பக்கத்தில் ஏறியது. அதற்குப் பிறகு வந்த போன்களில் பாதிப் பேர் ரேட் கேட்கவில்லை. "எங்க ஊட்டுக்காரியும் ஒடைப்பா, அதையும் போடுவீங்களா?" என்றுதான் கேட்டார்கள். ஆந்திராவிலிருந்துகூட ஒரு குடும்பம் பூசணிக்காயோடு வந்தது. இப்போது டெலிவரி எடுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வீடியோ. பூசணிக்காய் உடையாமல் எந்த வண்டியின் முகமும் வெப்சைட்டில் ஏறாது.

நான் கற்றது இவ்வளவுதான். வெப்சைட்டைத் திட்டம் போடும்போது முதலாளியிடம் மட்டும் கேட்காதீர்கள். அதில் யாருடைய பொருளைக் காட்டப் போகிறீர்களோ, அவரிடம் முதலில் கேளுங்கள். கலரும் லோகோவும் அதற்கப்புறம்.

இனி கோயம்புத்தூர் முதலாளிக்கு. ரத்தினத்திடம் கேட்காமல் அவர் வண்டியை ஆயிரம் பேருக்குக் காட்டினீர்கள். அவர் முகத்தை இன்றுவரை நீங்கள் பார்த்ததில்லை. அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் அவர் மனைவி உடைத்த காயை உங்கள் ஆராய்ச்சி என்று விற்கிறீர்கள். வெப்சைட்டைத் திறப்பதற்கு முன் எந்த லாரிக்காரரிடம் பேசினீர்கள்? அவர் பெயர் என்ன, எந்த ஊர்? எனக்குப் போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன். எங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கீழேயே எல்லோரும் படிக்கிற மாதிரி பதிலை எழுதுங்கள். ரத்தினமும் சரசுவும் படிக்கக் காத்திருக்கிறார்கள்.