அப்படி யாரும் இங்கே இல்லை

2009ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி ஞாயிறு. ஒஸ்லோவில் ரொம்மன் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் மத்தியானம் தொலைபேசி அடித்தது. அந்த மாதம் முழுவதும் அந்த மணி கேட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவேன். வன்னியில் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. என் தங்கை குடும்பம் எந்த முகாமில் என்றுகூடத் தெரியாது.

எங்கள் ஒரே மகள் ரஷ்ய மொழி படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்காக ரஷ்யாவின் தெற்கே ஒரு நகரத்தில் தங்கியிருந்தாள். அவளுடைய தோழியின் பெரியம்மா வீடு மலைகளுக்கு அப்பால் தெற்கு ஒசேத்தியாவில். ஜோர்ஜியாவிலிருந்து பிரிந்துபோன சிறு நிலம் அது. அங்கே பாராளுமன்றத் தேர்தல், பார்த்துவிட்டு வருகிறோம் என்றாள். அந்த நிலத்தை நாடென்று ஏற்றுக்கொண்டவை ரஷ்யாவும் இன்னொரு நாடும்தான்.

"ரெண்டு நாடெண்டாலும் ஏற்றிருக்கு, அப்பா" என்றாள், கணினித் திரையில்.

"எங்களுக்கு அதுவும் இல்லை" என்று என் கணவர் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். அதற்குப் பிறகு போகாதே என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

ஞாயிறு வந்த அழைப்பை அவர்தான் எடுத்தார். ஈரக்கையோடு நான் பக்கத்தில் வந்து நின்றேன். ஒரு பெண் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் பேசுவதும், பின்னால் ஆண்கள் சத்தம் போடுவதும் எனக்கும் கேட்டது. மகளின் பெயரைச் சொல்லி, அப்படி ஒரு பிள்ளை உங்களுக்கு உண்டா என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இங்கே இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, இவர் வைத்துவிட்டார்.

"ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"தெரியாத ஆள் பேர் சொல்லிக் கேட்டால் வேறென்ன சொல்லுறது?"

எங்களைப் போன்றவர்களுக்கு இது விசித்திரமில்லை. கொழும்பில் இருந்த காலத்தில் எங்களுக்கு ஊறிப்போன பழக்கம். யார் கேட்டாலும் இல்லை என்றால் வீட்டுக்குள் இருப்பவர் தப்புவார். மகளுக்கும் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தோம். பள்ளித் தோழி விளையாடத் தொலைபேசியில் கூப்பிட்டால்கூட, தன் பெயரில் இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லி வைப்பாள்.

"பிள்ளை வீட்டிலை இல்லையேப்பா. இல்லையெண்டு சொல்லி ஆரைக் காப்பாத்துறியள்?" என்றேன்.

அதைக் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாசல் நடையில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளின் கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை. அழைத்த எண்ணும் விழவில்லை. வெளியே நல்ல வெயில். கீழே பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி மணி அடித்தபோது, "எடுக்காதையும்" என்று இவர் கையை நீட்டினார். பயம் அப்படி. நான் எடுத்தேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டு முடிப்பதற்குள், ஆங்கிலமும் நோர்வேஜியமும் மறந்துபோய், "ஓம், என்ர பிள்ளை. என்ர பிள்ளைதான்" என்றேன்.

அந்தப் பெண் ரிசீவரை யாரிடமோ கொடுப்பது கேட்டது. பிறகு எங்கோ தூரத்தில், "அம்மா" என்று கேட்டது.

நடந்ததைப் பிறகுதான் சொன்னாள். வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கு வெளியே, தாங்கள் விரும்பிய கட்சியைப் போட்டியிட விடவில்லை என்று சிலர் வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். இவள் படம் எடுத்திருக்கிறாள். சீருடைக்காரர் பிடித்துவிட்டார்கள். தோழி, பெரியம்மா வீட்டில் விட்டுவந்த கடவுச்சீட்டை எடுக்க ஓடியிருக்கிறாள். இந்த நிறத்தில் ஒரு நோர்வேக்காரியா என்று அவர்கள் நம்பவில்லை. தேர்தல் வேலைக்கு வந்திருந்த ஆங்கில ஆசிரியையை வைத்து, இவள் கொடுத்த எண்ணில் எங்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். தகப்பனே அப்படி யாரும் இல்லையென்றதும், வேறிடத்துக்குக் கொண்டுபோக எழுப்பியிருக்கிறார்கள். அந்த ஆசிரியைதான் வாசலில் நின்று, இன்னொரு தடவை அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

"எங்கட சனமும் இப்பிடித்தான் சொல்லும், பயத்திலை எண்டு அந்த ரீச்சர் சொன்னவ, அம்மா."

அந்தத் தேர்தலில் ஆளும் கட்சி வென்றது. மேற்கு நாடுகள் அதைச் செல்லாது என்றன. மகள் பத்திரமாகத் திரும்பி வந்தாள்.

அவள் வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் இவர் திடீரென்று தன் அண்ணரைப் பற்றிப் பேசினார். எண்பதுகளில் கொழும்புத் தெருவில் பிடிபட்டு, பிறகு காணாமல் போனவர். அது எனக்குத் தெரியும். அண்ணர் அங்கேதான் குடியிருக்கிறாரா என்று விசாரித்து, இருவரும் தங்கியிருந்த அறைக்கு அன்று ஒரு அழைப்பு வந்ததும், இல்லையென்று இவர் சொன்னதும் எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு மணி ஒருக்காத்தான் அடிச்சது, மறுபடி அடிக்கேல்லை" என்றார்.

மகள் தன் கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இவர் இப்போது எடுப்பதில்லை, என்னிடம் நீட்டிவிடுவார். யார், என்ன என்று கேட்கும் முன்பே நான் ஓம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு சொல்லுக்காக எங்கோ ஒரு வாசலில் யாரையாவது நிறுத்தி வைத்திருப்பார்களோ என்ற நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.