ஓலையில் இல்லாத பெயர்

என் மகளின் கல்யாண ஓலையில் என் பெயர் இல்லை.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகள், பூசை முடிகிற நேரத்தில், சாமியார் பெண் மாப்பிள்ளையின் பெயர்களைச் சபையில் வாசிப்பார். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள், இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். அதைத்தான் ஓலை என்கிறோம். முதல் ஓலையன்று நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்குப் பரமத்தி வேலூர். அவன் பெயர், அவன் அப்பா பெயர், அம்மா பெயர், பங்குக் கோயிலின் பெயர் எல்லாம் மைக்கில் கணீரென்று வந்தது. அப்புறம் என் மகள் பெயர். அப்புறம் என் மனைவி பெயர். அவ்வளவுதான். சாமியார் அடுத்த தாளை எடுத்து, மாதா மன்றக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்துப்போனவன் பெயரைக்கூட 'காலஞ்சென்ற' என்று சேர்த்து வாசிப்பார்களே! நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன்!

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். சேலத்தில் வீட்டு மாடி அறையில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, என் வாய், இவ்வளவுதான் முதலீடு. ஊரில் யார் தப்புச் செய்தாலும் பிடித்து உலுக்குவேன். கடைசியில் மேசையைத் தட்டி, "சொல்லிப்புட்டேன்!" என்பேன். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் பையன்கள் அதையே திருப்பிக் கத்துவார்கள். நானும் கையை ஆட்டுவேன். பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என்மேல் நான்கு அவதூறு வழக்குகள். மூன்றில் நான் சொன்னது உண்மை, எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நான்காவதில் தப்பு என்னுடையது. தம்மம்பட்டிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கலப்படம் என்று வீடியோ போட்டேன். கலப்படம் நடந்தது வேறு ஆலையில். நான் காட்டிய கேட் வேறு ஆளுடையது. அந்த ஆள், அறுபது வயசிருக்கும், மறுநாளே என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஐயா, அது என்ற ஆலை இல்லீங்க, தயவுபண்ணி அதை எடுத்துடுங்க" என்று இரண்டு கையையும் கூப்பினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடியிலிருந்து அதையும் படம்பிடித்து, 'கலப்படக் கும்பிடு' என்று தலைப்பு வைத்துப் போட்டேன். லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்த நான்கு வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் சிரித்து மழுப்புவேன். உண்மையில் காலிங் பெல் அடித்தால், சம்மன்காரனா, போலீஸா என்று ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பேன். சொந்தக்காரர்கள் நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்துவார்கள். கோர்ட்டில் டவாலிச் சேவகன் வராந்தாவில் நின்று என் பெயரையும் என் அப்பா பெயரையும் மூன்று தரம் கூவுவான். ஒருநாள் வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்ட் வந்து, தெருவே பார்க்க ஜீப்பில் ஏறினேன். மனைவி ஸ்கூல் டீச்சர், அன்றைக்கு லீவு போட்டவள் ஒரு வாரம் போகவில்லை. இதெல்லாம் என்னோடு போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் ஓலை முடிந்ததும் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் பாய்ந்தேன். கையில் போன், ரெக்கார்டிங் ஓடுகிறது. பழக்கதோஷம்.

"என்ன சாமி இது? தகப்பன் பேரை விழுங்கிட்டு ஓலை வாசிக்கிறீங்க?"

சாமியார் போனைப் பார்த்தார். "முதல்ல அதை அணைங்கய்யா" என்றார். அப்புறம் ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் மகளின் முத்து முத்தான கையெழுத்து. 'ஓலையில் அம்மா பெயரை மட்டும் வாசித்தால் போதும்.' கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேங்கய்யா. ரெஜிஸ்டர்ல அப்பா பேரு இருக்கட்டும், சபையில மட்டும் வேண்டாம்னு பாப்பாதான் சொல்லுச்சு."

ஆடிப்போய்விட்டேன். வீடு வந்து சேரும்வரை வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை.

மகள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்க்கிறாள். கத்தினால் கத்துகிற பெண் இல்லை. "ஏம்மா, நான் உனக்கு அப்பனா இல்லையா?" என்று நான் வீடு அதிரக் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

"எங்க உங்க பேரைச் சொன்னாலும் நாலு பேரு சிரிக்கிறாங்கப்பா. ரெண்டு பேரு போனை எடுத்துத் தேடுறாங்க. ஊசி குத்தறப்பகூட ஒருத்தர் கேக்குறாரு, 'உங்கப்பன் கேசு என்னாச்சு'ன்னு. மூணு வாரமும் சபையே என்னைத் திரும்பிப் பாக்கணுமா? என் கல்யாணத்தை மட்டும் விட்டுடுங்கப்பா."

"அப்ப நான் அந்த ஆலை கேசை முடிச்சிட்டா? பேரை வாசிக்கச் சொல்லுவியா?"

"பாக்கலாம்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாம் ஓலைக்குக் கோயிலுக்கே போகவில்லை. புதன்கிழமை வாய்தா. ஜவ்வரிசி ஆலை வழக்கில் வக்கீல் நான்கு வருஷமாகச் சொல்லிவந்ததை அன்று செய்தேன். தப்பான ஆலையைக் காட்டிவிட்டேன், வருந்துகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். எழுதும்போது உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பெரியவர் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வீடியோவையும் அவர் முன்னாலேயே அழித்தேன். பெரிய உபகாரம் செய்தவன்போல நிமிர்ந்து பார்த்தேன்.

"நீங்க அழிச்சுப்புட்டீங்க. ஊர்ல அவனவன் போன்ல நான் இன்னும் கும்பிட்டுக்கிட்டேதானுங்க நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மனிதருக்கு எவ்வளவு பிடிவாதம் என்று எனக்கு அப்போதும் எரிச்சல்தான் வந்தது.

அன்று மாலை மேசையைத் தட்டாமல் ஒரு மன்னிப்பு வீடியோ போட்டேன். மகள் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாம் ஓலை. மறுபடியும் சலவை வேட்டி, மறுபடியும் மூன்றாவது பெஞ்ச். பெண்கள் உட்காரும் பக்கம் முதல் வரிசையில் மகளும் மனைவியும். மாப்பிள்ளையின் அம்மாவும் பரமத்தி வேலூரிலிருந்து வந்து அவர்களோடு உட்கார்ந்திருந்தார். சாமியார் தாளை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், அவன் அப்பா, அம்மா. என் மகள் பெயர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பெயர்.

அவ்வளவுதான்.

"இவர்கள் திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..." என்று சாமியார் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மாதாமேல் ஆணையாகச் சொல்கிறேன், தடை சொல்ல எழவில்லை. என் பெயர் எங்கே என்ற ஒரே நினைப்பில் கால் தானாக எழுந்துவிட்டது. சபைக்கு அது எப்படித் தெரியும்? சாமியார் பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, என்னங்க இது?" என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்குப் பின்னால் யாரோ, "சொல்லிப்புட்டேன்" என்று என் குரலிலேயே முணுமுணுத்தார்கள். இரண்டு மூன்று போன்கள் மேலே எழுந்தன.

என் மகள் பெஞ்சிலிருந்து எழுந்து திரும்பினாள். அவள் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். உதடு மட்டும், வேண்டாம்பா, வேண்டாம்பா என்று அசைந்தது.

பெற்ற மகள் என்னைப் பார்த்துப் பயந்து கும்பிடுகிறாள். அந்தக் கும்பிடு எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலில் அதை நானே படம்பிடித்திருக்கிறேன்.

உட்கார்ந்தேன். சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தடை ஏதும் இருக்கிறதா என்று முதலிலிருந்து வாசித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.