பச்சையில் நின்ற காயம்

மரக்காணம் உப்பளக் கம்பெனி ஆபீசில், ஆட்களின் வருகையையும், காயம்பட்டவர்களின் வைத்தியச் செலவையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. செலவையும் லீவு நாளையும் வைத்து, எந்தக் காயம் முற்றும் என்று இன்சூரன்ஸ்காரர்களின் கம்ப்யூட்டர் சொல்லும். பச்சையில் காட்டினால் பயமில்லை. சிவப்பில் காட்டினால் உடனே பாண்டிச்சேரியில் நல்ல டாக்டர். ஆரம்பத்திலேயே கவனித்தால் பின்னால் பெரிய செலவு வராது என்பது அவர்கள் கணக்கு. நல்ல யோசனைதான், நானே மெச்சியிருக்கிறேன்.

போன கோடையில், உப்பு சுமக்கும் அக்கா ஒருவரின் குதிகாலைப் பாத்தியில் கிடந்த கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறவில்லை. எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர்ந்து சுமக்கும் செட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் அவர் பங்குக் கூடைகளை மற்றவர்கள் சுமந்துவிடுவார்கள். மேஸ்திரி அவருக்கும் வருகை போட்டுவிடுவார். கூலி நிற்காது. அக்கா வீட்டில் காலை நீட்டிக் கிடந்தார். கம்ப்யூட்டரிலோ தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அதனால் அவர் காயம் பச்சையிலேயே நின்றது. பொறுக்காமல் நானே பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போனேன். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். செலவு கேட்டு அனுப்பிய மனு திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் அதிகாரிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எரிச்சல்.

"ஒரு நாள்கூட லீவு போடலையே மேடம். நடந்து வேலைக்கு வர்றவங்களுக்கு எதுக்குங்க ஆபரேஷன்?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பொய் வருகை என்று மேஸ்திரியோடு மொத்தச் செட்டுக்கும் வேலை போகும். சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடமே போய்க் கேட்டேன். அந்த அறையின் வாடைக்கு முகம் சுளிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"வேணாம்மா. எனக்காக சொமந்தவங்க வயித்துல அடிக்காத," என்றார்.

மேஸ்திரியைத் திட்டலாம் என்றால் அவர் செய்தது நல்லது. கம்ப்யூட்டரைத் திட்டலாம் என்றால் அது பார்த்ததைத்தான் சொன்னது. மறுபடி மறுபடி மனு போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காலம் கடந்துவிட்டது என்றார்கள். கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பினேன். மேஸ்திரி வருகைத்தாளை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். அன்றைக்கும் அக்கா வேலைக்கு வந்திருந்தார். அழுதுகொண்டே ஏற்றினேன்.