பால்கனிக்கு வந்த காற்று

கட்டட வேலைக்காரர்கள் அவரைக் காற்று மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர், கடை வளாகம் என்று எங்கே பெரிய ஏசி போட்டாலும், இயந்திரத்திலிருந்து அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகத் தகரக் குழாய்கள் வேண்டும். டக்ட் என்பார்கள். தகரத்தை வெட்டி, மடித்து, மூட்டுகளை அடைத்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஆள் தவழ மட்டுமே இடமிருக்கும் இருட்டில் தொங்கவிடுவது அவர் வேலை. மீசை முளைத்த நாளிலிருந்து அவர் வேறு வேலை பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் குழாய் வாயில் மாட்டிய கிரில்லுக்கு நேரே ஒரு டிஷ்யூ காகிதத் துண்டைப் பிடிப்பார். காகிதம் கிரில்லில் போய் ஒட்டினால் காற்று உறிஞ்சப்படுகிறது. கிரில்லை விட்டு விலகிப் படபடத்தால் காற்று உள்ளே வருகிறது. அவ்வளவுதான் சோதனை.

அவருடைய மனைவிக்கு இதில் அவரைவிடப் பெருமை. சொந்தக்காரர் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் சரி, வங்கிக்குப் போனாலும் சரி, மேலே பார்த்துவிட்டு, "இங்க காத்து சரியில்லைங்க. யாரு போட்டது?" என்று கேட்பாள். அவரும் அண்ணாந்து பார்த்து, "எவனோ குருட்டுப் பய" என்பார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. காற்றைப் பற்றி அவர் எதைச் சொன்னாலும் அவளுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

சிகரெட்டைப் பற்றி அப்படி இல்லை. அதில் வருஷக்கணக்காகச் சண்டை. கடைசியில் இருமல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அவர் நிஜமாகவே பயந்துபோய்ச் சிகரெட்டை விட்டார். விட்டதை அவள் ஊருக்கெல்லாம் சொன்னாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடம் சொன்னாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னாள். "ஒரே நாள்லடி. தூக்கிப் போட்டுட்டாரு. உங்கப்பாவுக்கு மனசுல உறுதி ஜாஸ்தி." அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் காதில் விழாததுபோல் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த உறுதி சில மாசம் தாங்கியது. பிறகு சைட்டில் ஒரு எலெக்ட்ரீஷியன் பேனா மாதிரி ஒன்றை நீட்டினார், வேப் என்று பேர்.

"இது புகை இல்ல மேஸ்திரி, வெறும் ஆவி. தண்ணி கொதிச்சா வருதே, அதுதான். நாத்தம் இல்ல, சாம்பல் இல்ல. வீட்ல கண்டுபிடிக்கவே முடியாது."

கடைசி வார்த்தைதான் அவரை வளைத்தது.

வீட்டின் பின்பக்கத்தில் அவர் கருவிகளை வைத்திருந்த சின்ன அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருந்தது. அங்கே நின்று ஊதினால் அந்த வீட்டு அம்மாள் மறுநாள் காலையே விசாரிப்பார். வெளிச்சுவரில் ஓட்டை போடக் குடியிருப்புச் சங்கம் விடாது. ஆகவே தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினார். வீட்டுக்குள் இருந்த நடைவழியின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் ஓட்டி, சத்தம் கேட்காமலிருக்க உட்புறம் பஞ்சு நுரை ஒட்டி, ஒரு சின்ன ஃபேன் வைத்து, அறைக்குள்ளிருக்கும் காற்றை இழுத்து பால்கனியில் கொண்டுபோய்த் தள்ளினார். பால்கனிக்குக் கண்ணாடிக் கதவுகள் உண்டு. அவை எப்போதும் திறந்தே கிடந்ததால், எல்லாம் வெளியே போய்விடும் என்பது கணக்கு. அவ்வளவு சுத்தமான வேலையை அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் செய்ததில்லை.

மனைவி பால்கனிக் கிரில்லைப் பார்த்துவிட்டாள்.

"இது எதுக்குங்க?"

"காத்துக்குத்தான். பின்பக்கத்துலேர்ந்து வெளிக்காத்தை இழுத்து இங்க விடும். சாயங்காலம் உக்காந்தா ஜில்லுன்னு இருக்கும்."

"எனக்காகவா?"

"வேற யாருக்கு?"

அவள் கிரில்லுக்குக் கீழே போய் நின்று முகத்தைத் தூக்கிக் கண்களை மூடிக்கொண்டாள். அந்த நேரத்தில் ஃபேனில் நல்ல காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அவருக்கும் தான் சொன்னது பாதி உண்மை என்றே பட்டது.

அந்த வீட்டில் இரண்டு லவ் பேர்ட்ஸ் இருந்தன. மகள் வேலைக்காக ஊர் மாறிப் போனபோது, வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று வாங்கிக் கொடுத்தவை. நீலம் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரியும், அதற்குத் தலைவர் என்று பேர். பச்சை அதன் பின்னாலேயே போகும், அது தொண்டன். "தலைவர் பேசறாரு, கொஞ்சம் சும்மா இருங்க" என்று அவள் மேஸ்திரியை அடக்குவாள். கூண்டு அதுவரை சமையலறைக்கு வெளியே தொங்கியது. தாளிக்கிற புகை பறவைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்ல காற்று வருகிற இடம் கிடைத்துவிட்டதே என்று அவள் கூண்டைப் பால்கனிக்கு மாற்றினாள், கிரில்லுக்கு நேர் கீழே. காக்கை வந்து பயமுறுத்தியதால் கண்ணாடிக் கதவுகளையும் சாத்திவிட்டாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் அதைப் பார்த்தார்.

"ஏன் இங்க கொண்டுவந்தே?"

"ஏன், உங்க காத்து அதுங்களுக்கு வேண்டாமா?"

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. ஆவிதானே, தண்ணீர் கொதித்தால் வருகிற மாதிரிதானே என்று நினைத்தார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் தலைவர் பேச்சைக் குறைத்தார். பிறகு பறப்பதைக் குறைத்தார். ஒரு காலையில் கூண்டின் தரையில் கிடந்தார். மனைவி அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பூந்தொட்டியில் புதைத்தாள். மறுவாரம் தொண்டனும் இறகை உப்பிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆட, ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கூண்டோடு தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார்கள்.

மருத்துவர் இளம்பெண். பறவையைத் துண்டில் பிடித்து, காதுக்கு அருகில் கொண்டுபோய்க் கேட்டார்.

"பறவைக்கு மூச்சு நம்மள மாதிரி இல்லம்மா. இழுக்கறப்பவும் விடறப்பவும் நுரையீரல்ல புதுக்காத்து ஓடிட்டே இருக்கும். காத்துல எது கலந்திருந்தாலும் நமக்கு முன்னாடி இதுக்குத்தான் அடி. றெக்கையில படியறதைக் கோதிக் கோதி முழுங்கவும் செய்யும். வீட்ல யாராவது சிகரெட்? இல்ல, இந்த வேப்? இப்ப அதாலயும் நிறைய வருதுங்க. ஒரு நாய்க்குட்டி அந்தத் திரவ பாட்டிலைக் கடிச்சிட்டு வந்துச்சு. நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. காப்பாத்த முடியல."

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"எங்க வீட்லயா? இவர் சிகரெட்டை விட்டு எவ்வளவு நாளாச்சு, கேட்டுப் பாருங்க."

மருத்துவர் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்தார். நன்றாகக் கொழுத்த பூனை.

"அப்போ ஒட்டாத சட்டி ஏதாவது அடுப்புல வெறுமனே காய்ஞ்சுதா? அதுலேர்ந்து வர்ற புகையும் பறவையைக் கொன்னுடும்."

மனைவியின் முகம் செத்துவிட்டது. ஒரு நாள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மகளிடம் போனில் பேசிக்கொண்டே நின்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சட்டியைக் குப்பையில் போட்டாள். ஃபினாயில் போட்டுத் துடைப்பதை நிறுத்தினாள். மகளுக்குப் போன் போட்டு, மருத்துவர் கேட்டதையும் தான் சொன்னதையும் சொல்லி, "நான்தாண்டி கொன்னுட்டேன். உன்கூடப் பேசற சந்தோஷத்துல மறந்துட்டேன்" என்று அழுதாள். அடுத்த அறையிலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டார். அதற்குப் பிறகு ஊத மாடிக்குப் போகத் தொடங்கினார். அதைப் பெரிய தியாகமாகவும் எண்ணிக்கொண்டார்.

ஆனால் டக்ட் அவர் கட்டிய டக்ட். உள்ளே ஒட்டிய நுரை இத்தனை நாள் குடித்ததை எல்லாம் வைத்துக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாததல்ல. பழைய கட்டடங்களில் அப்படிப்பட்ட நுரையைப் பிய்த்து எடுக்கும்போது முகத்துக்குத் துணி கட்டிக்கொள்கிறவர் அவர். ஃபேனை அணைத்து வைத்தார். மனைவி போட்டாள்.

"ஏன் அணைக்கறீங்க? பாவம், கொஞ்சம் நல்ல காத்தாவது வாங்கட்டும்."

மறுபடி அணைத்தார். மறுபடி போட்டாள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டாள். அணைக்கக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

விடுமுறைக்கு மகள் வந்தாள். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. பெட்டியைக் கீழே வைத்ததும் பால்கனிக்குப் போனாள். பறவையைப் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கிரில்லைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு எடுத்தாள். பிசுபிசுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தாள். புதினா மிட்டாய் வாசனை.

இறங்கி வந்து, கருவி அறையில் இருந்தவரிடம் விரலை நீட்டினாள்.

"இது எங்கேர்ந்துப்பா இழுக்குது?"

"மெதுவாப் பேசு."

"எங்கேர்ந்து இழுக்குது?"

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அதுவே பதில்.

"அம்மா சட்டியைத் தூக்கிப் போட்டாங்க. என்கிட்ட அழுதாங்க. நீங்க கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். சாப்பிட்டதும் சொல்றேன். அவ மனசு நொந்து போய் இருக்கா, சாப்பிடட்டும் முதல்ல."

மகள் கூண்டைத் தூக்கி ஹாலில் ஜன்னலோரம் வைத்தாள். ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "அப்பா சொல்வாரு" என்றாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் வழக்கமாகச் சாப்பிடுவதைவிட அதிகம் சாப்பிட்டார். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மகள் கையைக் கழுவிவிட்டு எதிரிலேயே வந்து உட்கார்ந்தாள். அவர் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

மோர் எடுக்கப் போன மனைவி, போகிற வழியில் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

தொண்டனும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மகள்கூட அந்த நேரத்தில் வாய் திறந்திருக்க மாட்டாள். ஆனால் அவர் சொன்னார். எச்சில் கையோடு, எழுந்திருக்காமல், எல்லாவற்றையும் சொன்னார். பேனா மாதிரியான அந்தக் கருவி, அறை, டக்ட், நுரை.

மனைவி கூண்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கேட்டாள்.

"நீங்க பிடிக்கறது எனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தோய்க்கப் போடற சட்டைப் பாக்கெட்ல அதை விட்டுட்டுப் போவீங்களே. சட்டையைத் துவைச்சு, காயவெச்சு, மடிச்சு, அதைத் திரும்ப அதே பாக்கெட்ல வெச்சது யாரு? பேயா?"

மகள் கேட்டாள், "அப்புறம் ஏம்மா டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னீங்க?"

"ஒரு சின்னப் பொண்ணு முன்னாடி உங்கப்பா தலைகுனிஞ்சு நிக்கணுமா? விட்டுட்டாரு, விட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொன்னவ நான்." இறந்த பறவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அது மட்டும் இல்லடி. இவர் ரூமுக்குள்ள பிடிக்கறாரு, ஜன்னல் வழியாப் போயிடுதுன்னு நினைச்சேன். பால்கனியில வர்றது வெளிக்காத்துன்னு சொன்னாரே. அதுல நான் ஏன் சந்தேகப்படப் போறேன்?"



"சிகரெட்ல பொய் சொன்னீங்க, சரி" என்றாள் அவரிடம். குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொய்யை நானும்தான் சேர்ந்து சொன்னேன். காத்துல ஏங்க பொய் சொன்னீங்க?"

கையில் எச்சில் காய்ந்துபோயிருந்தது.

மறுநாள் அவரே டக்டை இறக்கினார். நுரையைச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டார். ஊதுவதையும் விட்டார், இந்தத் தடவை நிஜமாகவே. மனைவியிடம் சொன்னபோது "ம்" என்றாள். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அவள் போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கேஸை மூடிவிட்டேன் என்று அவர் சொன்னால், எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். மழை தூறுகிறது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல. அவளுக்கே தெரியாமல் அப்படி ஆகியிருந்தாள். அவர் ஒரு தடவை மகளிடம் போனில் முறையிட்டார்.

"திட்டினாக்கூடப் பரவாயில்லம்மா. வாசல் கதவைத் தாழ் போட்டுட்டேன்னு சொன்னாக்கூடப் போய்ப் பாக்கறா."

"போட்டிருந்தீங்களா?"

"நீயுமா?" என்றார்.

சில வருஷம் கழித்து, பழைய இருமல் வேறு வடிவத்தில் திரும்பி வந்து அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. மூக்கில் குழாய். தலைமாட்டில் இயந்திரம். ஒரு மத்தியானம் அவருக்கு நிஜமாகவே தேவலையாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசாகியிருந்தது. மகள் கால்மாட்டில் இருந்தாள். மனைவி பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிடி தளரவே இல்லை.

நர்ஸ் வந்து, "மூச்சு எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டார்.

அவர் நர்ஸைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லா வருதும்மா. தடையில்லாம வருது."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையை விடாமலேயே நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"மெஷின்ல என்ன காட்டுது சிஸ்டர்?"